பட்டாணி பறிக்கும் மாதத்தில் ஸ்பிதி

ஆகஸ்ட் 21 – சிம்லாவிலிருந்து ரெக்காங் பியோ

நானும் அக்காவும் இமாச்சலப் பிரதேசத்தின் மேல்மலைப் பள்ளத்தாக்கான ஸ்பிதிக்குக் கிளம்பினோம். சிம்லாவில் பஸ் ஏறும்போது மழை. நார்கண்டாவில் மழையோடு மூடுபனி வேறு. ஆப்பிள் பெட்டி ஏற்றிய லாரிகளின் பின்விளக்கைத் தவிர எதுவும் தெரியவில்லை. அங்கிருந்து மளமளவென்று இறங்கி ராம்பூர் வந்தால் வேர்த்துக் கொட்டுகிறது. "இதுக்குத்தான் ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கச் சொன்னியாடி?" என்றாள் அக்கா. ராம்பூர், புஷஹர் ராஜாக்களின் தலைநகரமாக இருந்த ஊர். சட்லெஜ் கரையில் பள்ளத்தில் கிடக்கிறது. சாப்பாட்டுக் கடையில் ராஜ்மா, சோறு, மோர்க்கடி எல்லாம் சேர்த்து 100 ரூபாய். இரண்டாம் தடவை சோறு போட்டதற்குக் காசு வாங்கவில்லை.

அப்புறம் வழி நெடுக அணைக்கட்டு வேலைகள்தான். நாத்பாவில் ஆற்றை மறித்து, 27 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தில் தண்ணீரைக் கொண்டுபோய், ஜாக்ரியில் 1,500 மெகாவாட் மின்சாரம் எடுக்கிறார்கள். மலை முழுக்கக் கம்பிகள், புழுதி, தகரக் கொட்டகைகள். வழியில் இருக்கும் கின்னோர் மாவட்டம் அழகான இடம் என்று கேள்விப்பட்டு வருகிறவர்களை முதலில் வரவேற்பது இவைதான்.

தராண்டா தேவி கோயில் முன்னால் டிரைவர் வண்டியை நிறுத்தினார். கண்டக்டர் இறங்கிக் கும்பிட்டுவிட்டு எல்லோருக்கும் பொரியும் சர்க்கரை மிட்டாயும் கொடுத்தார். ஏன் இங்கே மட்டும் இவ்வளவு பக்தி என்று அடுத்த வளைவில் புரிந்தது. பாறையைப் பாதி குடைந்து போட்ட சாலை. தலைக்கு மேலே கல், ஒரு பக்கம் கல், மறுபக்கம் ஒன்றுமே இல்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டு கந்தசஷ்டி கவசம் சொல்ல ஆரம்பித்தாள்.

ஆகஸ்ட் 22 – கல்பா

எதிரே கின்னர் கைலாஷ் இருக்கிறதாம். 6,050 மீட்டர். காலை ஐந்தரை மணியிலிருந்து மாடியில் நின்றோம். மேகம் விலகவே இல்லை. ஒன்பது மணிக்கு ஒரு முனை தெரிந்தது, அதுவும் கைலாஷ்தானா என்று விடுதிப் பையனுக்கே சந்தேகம்.

மலை கிடைக்காவிட்டால் என்ன, ஆப்பிள் கிடைத்தது. நாராயண் நாகினி கோயிலின் மரவேலைப்பாட்டைப் பார்த்துவிட்டுத் தோட்டங்களுக்கு நடுவே நடந்தோம். பச்சைப் பட்டை வைத்த கின்னோரித் தொப்பியில் காய்ந்த பூ செருகிய ஒரு பாட்டி, வேலிக்கு உள்ளே இருந்து கூப்பிட்டார். அக்கா தரையில் விழுந்து கிடந்த பழத்தைக் காட்டி "எடுத்துக்கலாமா?" என்று சைகையில் கேட்டாள். பாட்டி முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஏணியை நகர்த்தி, மரத்திலிருந்தே நான்கு பழம் பறித்துக் கொடுத்தார். விழுந்த பழம் மாட்டுக்காம். பணம் நீட்டியதற்குக் கோபித்துக்கொண்டார். கடித்தால் சாறு முழங்கை வரை ஒழுகுகிறது. ஊரில் மெழுகு பூசி விற்கும் ஆப்பிளை இனிமேல் அக்கா தொடமாட்டாள்.

மாலையில் ரெக்காங் பியோ கடைவீதி. சில்கோசா என்று ஒரு பைன் மரத்துக் கொட்டை. இங்கே நியோசா என்கிறார்கள். இந்தியாவில் இந்த மரக்காடு முக்கியமாகக் கின்னோரில்தான். செப்டம்பர் கடைசியில் ஆட்கள் மரமேறிக் கூம்புகளைத் தட்டி இறக்குவார்கள், அதில் விழுந்து அடிபடுகிறவர்களும் உண்டு என்றார் கடைக்காரர். போன வருஷத்துச் சரக்கு, கிலோ 2,000 ரூபாய். நூறு கிராம் வாங்கினோம். "முந்திரியே தேவலை" என்று சொல்லிக்கொண்டே அக்கா பாதியைத் தின்று தீர்த்தாள்.

ஆகஸ்ட் 23 – நாக்கோ

பூ என்ற ஊர் வரைக்கும் மரம் இருந்தது. அதற்குப் பிறகு இல்லை. மழைமேகத்தை முன்னால் இருக்கும் மலைகளே வாங்கிக்கொள்வதால் இந்தப் பக்கம் வந்து சேர எதுவும் மிஞ்சுவதில்லை. நேற்று வரை ஈரத்தில் நாறிக்கொண்டிருந்த என் சால்வை, பஸ் ஜன்னலில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது.

காப் பாலத்தில் ஸ்பிதி ஆறு வந்து சட்லெஜில் சேருகிறது. சட்லெஜ் இதற்குச் சற்று மேலே, ஷிப்கி லா கணவாய் அருகே, திபெத்திலிருந்து வருகிறது. இரண்டு ஆறும் சேருகிற இடத்தில் பாறை செங்குத்தாக நிற்பதால் வானம் ஒரு கீற்றுதான் தெரியும். அங்கிருந்து வளைந்து வளைந்து மேலேறினால் 3,660 மீட்டரில் நாக்கோ. சின்ன ஏரி, சுற்றி வில்லோ மரங்கள், மண்வீடுகள்.

தங்கிய வீட்டில் ஆளுக்கு 1,000 ரூபாய், இரண்டு வேளைச் சாப்பாட்டோடு. எல்லோரும் "ஜூலே" என்றார்கள்; நாங்களும் பார்த்தவர்களுக்கெல்லாம் "ஜூலே" சொன்னோம். ஒரு கழுதைக்கும் அக்கா சொன்னாள். ராத்திரி எனக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தது. உயரம் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்காரர் பூண்டு போட்ட சூப் கொடுத்து, தலையணையை இரண்டாக்கி, "இன்றைக்குக் குளிக்காதீர்கள்" என்றார். குளிரில் அந்த யோசனையே எங்களுக்கு இல்லை.

ஆகஸ்ட் 24 – மல்லிங் ஓடை

நாக்கோவிலிருந்து தாபோ இரண்டு, இரண்டரை மணி நேரப் பயணம். எங்களுக்கு ஒரு பகல் முழுக்க ஆனது.

நாக்கோ தாண்டியதும் மல்லிங் ஓடை. மலையே இங்கு மண்ணும் சரளையும்தான், எந்நேரமும் சரிந்துகொண்டிருக்கும். காலை எட்டரைக்கு எங்கள் பஸ் நின்றது. முன்னால் பத்துப் பதினைந்து வண்டி. சாலை இருக்க வேண்டிய இடத்தில் சேறும் பாறையும். எல்லைச் சாலைப் படையின் ஜேசிபி ஒன்று அள்ளித் தள்ள, மேலிருந்து அதே அளவு மறுபடி வந்து விழுந்தது. மேட்டில் ஒருவர் மலையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். கல் உருண்டால் விசில் அடிப்பார், எல்லோரும் பின்னால் ஓட வேண்டும். சம்பளம் வாங்கிக்கொண்டு மலையை முறைத்துப் பார்க்கும் வேலை என்று முதலில் சிரிப்பு வந்தது. இரண்டாவது விசிலுக்குப் பிறகு சிரிக்கவில்லை.

உள்ளூர்க்காரர்கள் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. ஒரு குடும்பம் பாய் விரித்து ஃபிளாஸ்க்கைத் திறந்தது. இரண்டு பெண்கள் பின்னல் ஊசியை எடுத்துக் காலுறை பின்ன ஆரம்பித்தார்கள். பதறியது எதிர்ப்பக்கம் நின்ற லாரி டிரைவர்கள் மட்டும்தான். ஒருவர் சரிவு வரை நடந்து வந்து பார்ப்பதும், திரும்பிப் போய்த் தார்ப்பாயைத் தூக்கி மூட்டைக்குள் கையை விட்டுப் பார்ப்பதுமாக இருந்தார். பச்சைப் பட்டாணி. மூட்டைக்குள் சூடு ஏறினால் மஞ்சளாகிவிடும், சண்டிகர் மண்டியில் பாதி விலைக்குக் கேட்பார்கள்.

ஸ்பிதிக்குப் பணம் வருவதே இந்தப் பட்டாணியில்தான் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கீழே சமவெளியில் பச்சைப் பட்டாணி இல்லாத மாதங்களில் இங்கே காய்க்கிறது. ஜூலைக் கடைசியில் தாழ்வான ஊர்களில் தொடங்கி, செப்டம்பர் வரை ஒவ்வோர் ஊராக மேலே ஏறும். அதே மாதங்களில்தான் மழை, அதே மாதங்களில்தான் சாலை உடைவதும்.

மதியம் இரண்டு மணிக்கு, பயணிகள் நடந்து கடந்து அந்தப் பக்கம் நிற்கும் பஸ்ஸில் ஏறலாம் என்றார்கள். கணுக்கால் வரை சேறு. நான் எங்கள் பெரிய பையைத் தூக்கப் போனேன். அதற்குள் ஒரு பள்ளிக்கூடப் பையன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு பாதி தூரம் போய்விட்டான். இன்னொருவன் அக்காவின் கையைப் பிடித்து, விசில்காரரைப் பார்த்துக்கொண்டே, "சலோ, சலோ" என்று இழுத்துப் போனான். அந்தப் பக்கம் போய் நன்றி சொல்வதற்குள் இருவரும் அடுத்த பாட்டியைக் கூட்டிவரத் திரும்பிவிட்டார்கள். லாரிக்காரர் ஒரு கை நிறையப் பட்டாணி கொடுத்தார். அவ்வளவு இனிப்பான பட்டாணியை நான் தின்றதில்லை.

இருட்டிய பிறகு தாபோ. துக்பா 120 ரூபாய். சுடச்சுட நூடுல்ஸ் கஞ்சி. இன்னொரு கிண்ணம் வாங்கி இருவரும் பங்கிட்டுக்கொண்டோம்.

ஆகஸ்ட் 25 – தாபோ

தாபோ பௌத்த மடத்தை வெளியிலிருந்து பார்த்தால் மண்சுவர், தட்டைக் கூரை, ஒரு மண் ஸ்தூபி. அக்கா ஏமாந்துதான் போனாள். "இதுக்கா அந்தச் சேத்துல நடந்து வந்தோம்?"

கி.பி. 996-இல் கட்டியது. மேற்குத் திபெத்தில் இருந்த குகே ராஜ்யத்தின் அரசராக இருந்து துறவியான யேஷே ஓ நிறுவினார். 46 வருஷம் கழித்து, அதே வம்சத்தைச் சேர்ந்த ஜங்சுப் ஓ செப்பனிட்டார் என்று உள்ளே கல்வெட்டு அல்ல, சுவரெழுத்தே இருக்கிறது. நம் ராஜராஜன் தஞ்சைக் கோயிலைக் கட்டி முடித்தது 1010. ஏறக்குறைய அதே காலத்தில் இங்கே மண்ணைக் குழைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

உள்ளே போனதும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. படம் எடுக்கக் கூடாது, கேமராவை வெளியே வைக்க வேண்டும். பிக்கு ஒருவர் சின்ன டார்ச்சைக் கையில் கொடுத்தார். வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் ஒரு முகம், ஒரு விரல், ஒரு நீலப் பட்டாடை. சுவரின் நடு உயரத்தில், சுற்றிலும் ஆளளவு சுதைச் சிற்பங்கள் காற்றில் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றுக்கு மேலும் கீழும் ஓவியம். காஷ்மீரக் கைவேலை என்று படித்திருந்தேன்; மெல்லிய இடையும் நீண்ட கண்ணுமாக, அஜந்தாவுக்குத்தான் நெருக்கம். ஒரு முழுச் சுவரையும் பார்க்க முடியாமல், துண்டு துண்டாக டார்ச்சை நகர்த்திப் பார்ப்பதில் ஒரு பொறுமை வந்துவிடுகிறது. வெளியே வந்தபோது ஒன்றரை மணி நேரம் போயிருந்தது. அக்கா எனக்கு அப்புறமும் இருபது நிமிஷம் வரவில்லை.

ஆயிரம் வருஷம் மண் நின்றதற்கு மழை இல்லாததுதான் காரணம். இப்போது சில வருஷமாகக் கோடையில் மழை பெய்கிறது, கூரை ஒழுகுகிறது என்று பிக்கு கவலைப்பட்டார். மூலையில் தண்ணீர் வழிந்த கறையை டார்ச்சடித்துக் காட்டினார்.

ஆகஸ்ட் 26 – காஸா

ஸ்பிதியின் தலைமை ஊர். வழியில் தன்கர், பழைய தலைநகரம், மண்பாறை நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும் மடம். ஜீப்பிலிருந்தே பார்த்தோம், ஏற அக்காவின் முழங்கால் விடவில்லை.

காஸாவில் எல்லா ஏடிஎம்மும் காலி. ஊர் முழுக்க நெட்வொர்க் இரண்டு நாளாக இல்லை, அதனால் ஜிபேயும் இல்லை. கையில் 4,300 ரூபாய். கடைத்தெருவில் பைக் ஓட்டிகளின் கூட்டம், இத்தாலியக் காபி, ஒரு கப் 180. அதைத் தவிர்த்தோம். கடல்முள்ளிப் பழச் சாறு 40 ரூபாய். புளிப்பில் காது அடைத்தது.

ஆகஸ்ட் 27 – லாங்ஸா

4,400 மீட்டர். சௌ சௌ காங் நில்டா என்ற 6,303 மீட்டர் சிகரம் ஊருக்குப் பின்னால், பெரிய புத்தர் சிலை ஊருக்கு முன்னால். பைக் கூட்டம் வந்து புத்தரோடு படமெடுத்துவிட்டுப் பத்து நிமிஷத்தில் ஹிக்கிம் தபால் நிலையத்துக்குப் பறக்கிறது. 1983-இல் திறந்த அந்தத் தபால் நிலையம் 4,440 மீட்டரில் இருக்கிறது. உலகத்திலேயே உயரத்தில் இருப்பவற்றில் ஒன்று என்பதால் எல்லோருக்கும் அங்கிருந்து தனக்குத்தானே ஒரு கார்டு போட்டுக்கொள்ள வேண்டும். நாங்கள் போகவில்லை.

எங்களை இறக்கிவிட்ட வீட்டில் ஆளே இல்லை. கதவு திறந்து கிடந்தது. அரை மணி கழித்து வீட்டுக்காரம்மா, முகமெல்லாம் மண்ணும் சிரிப்புமாக வந்து, "டீ அங்கே இருக்கிறது, பால்பவுடர் அங்கே, போட்டுக் குடியுங்கள். நாங்கள் வயலில் இருக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். விருந்தாளியை இப்படியா விட்டுப்போவது என்று எனக்குச் சுருக்கென்றது. அக்கா டீ போட்டு, அண்டாவோடு தூக்கிக்கொண்டு, "வா, நாமளும் போவோம்" என்றாள்.

அதற்கப்புறம் லாங்ஸாவில் நான் சுற்றுலா எதுவும் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 28 – லாங்ஸா

நாங்கள் திண்டுக்கல் பக்கம் கிணற்றுப் பாசனக் குடும்பம். அக்கா கல்யாணமாகிப் போகும்வரை அவரைக்காய் பறித்தவள். அவளுக்கு இந்தியும் தெரியாது, போட்டி என்ற இந்த ஊர் மொழியும் தெரியாது. வரப்பில் உட்கார்ந்து கொடியைப் பார்த்ததும் கை தானாகப் போய்விட்டது. முற்றாததை விட்டு, முற்றியதைக் காம்போடு. ஒரு வரிசை முடித்ததும் வீட்டுக்காரம்மா அவள் கூடையைக் கிளறிப் பார்த்துத் தலையாட்டினார். என் கூடையையும் பார்த்தார். என்னை மூட்டை தைக்க அனுப்பிவிட்டார்.

வேலைக்கு நேபாளத்திலிருந்து ஆறு பேர் வந்திருந்தார்கள். ஒரு வயல் முடிந்ததும் அடுத்த வீட்டு வயல். பத்தரைக்குக் கறுப்பு டீயும் சம்பாவும். சம்பா என்றால் நம் அரிசியல்ல, வறுத்த பார்லி மாவு. உப்பும் வெண்ணெயும் போட்ட டீயில் பிசைந்து உருட்டித் தின்ன வேண்டும். வெண்ணெய் டீயைத் தனியாகக் குடித்தபோது எனக்குக் குமட்டியது. மாவோடு சேர்ந்தால் பரவாயில்லை. அக்கா மூன்று உருண்டை தின்றாள்.

தண்ணீர் மேலே பனி உருகும் இடத்திலிருந்து வாய்க்காலில் வருகிறது. கூல் என்கிறார்கள். எந்த வீட்டுக்கு எந்த நேரம் என்று முறை உண்டு. ஒரு பெரியவர் கல்லையும் புல்கட்டியையும் நகர்த்தி ஒரு வாயை அடைத்து இன்னொன்றைத் திறந்தார். கடிகாரம் பார்க்கவில்லை, எதிர்மலையில் நிழல் எங்கே வந்திருக்கிறது என்று பார்த்தார். அந்த நிழலுக்கு இரண்டு வீடும் கட்டுப்படுகிறது. எங்கள் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பம்புசெட் முறை தகராறில் பதினோரு வருஷம் பேச்சில்லை என்பதை அவரிடம் சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை.

நிலம் மூத்த மகனுக்கு மட்டும். அவனுக்குக் கல்யாணமானதும் அப்பா அம்மா பெரிய வீட்டை விட்டுப் பக்கத்திலிருக்கும் சின்ன வீட்டுக்கு மாறுவார்கள். இளையவர்கள் மடத்துக்கு, அல்லது இப்போதெல்லாம் சண்டிகருக்குப் படிக்க. கொடூரமான ஏற்பாடு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இந்தத் துண்டு வயலை நான்காகப் பிரித்தால் யாருக்கும் சம்பாத்தியம் இல்லை, அதுவும் தெரிகிறது. இரண்டாவது மகன் கீ மடத்தில் இருக்கிறானே, வருத்தமில்லையா என்று கேட்டேன். "வருத்தம் எதற்கு? அவனுக்கு அங்கே மூன்று வேளையும் சமைத்துப் போடுகிறார்கள். எனக்கு யார் போடுகிறார்கள்?" என்றார் வீட்டுக்காரம்மா.

ஒரு சின்னப் பெண் நத்தைச் சுருளாகக் கல் ஒன்றைக் கொண்டுவந்து "200 ரூபாய்" என்றாள். இமயமலை எழும்புவதற்கு முன்னால் இங்கிருந்த டெதிஸ் கடலின் உயிரி, கல்லாகிப்போனது. வீட்டுக்காரம்மா அவளை ஒரு அதட்டு அதட்டினார். இப்படியே விற்றால் ஊரில் ஒன்றும் மிஞ்சாது என்பது அவர் கட்சி. அந்தப் பெண் கல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சாலையில் நின்ற பைக்காரர்களை நோக்கிப் போனாள்.

ராத்திரி தந்தூர் அடுப்பைச் சுற்றி எல்லோரும். அடுப்புக்குச் சாண வறட்டி. திங்மோ என்ற ஆவியில் வேகவைத்த மாவு, உருளைக்கிழங்குக் குழம்பு, பட்டாணி மட்டும் இல்லை. நல்லதெல்லாம் மூட்டைக்குப் போய்விட்டது, பூச்சி அரித்தது நாளைக்குச் சூப்பில் வரும். கழிப்பறை மாடியில் ஒரு ஓட்டை. மண்ணை அள்ளிப் போட வேண்டும், வசந்தத்தில் அதுவே வயலுக்கு உரம். அக்கா அந்த உரத்தில் விளைந்ததைத்தான் காலையிலிருந்து பச்சையாகத் தின்றோம் என்று கணக்குப் போட்டுச் சொன்னாள். தூக்கம் வந்ததால் கேட்காதது போல இருந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 29 – லாங்ஸா

கிளம்பும் நாள். கையில் இருந்த பணம் வண்டிக்கே சரியாகிவிடும். நெட்வொர்க் இன்னும் வரவில்லை. வீட்டுக்காரம்மா தன் மூத்த மகனின் நம்பரை ஒரு சிகரெட் அட்டையில் எழுதிக்கொடுத்து, "மணாலி போய் அனுப்புங்கள்" என்றார். எங்கள் பெயர், ஊர் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. தொகை கேட்டதற்கு, இரண்டு பேருக்கு இரண்டு ராத்திரி 4,000 ஆகும், அக்கா பறித்த கூலியைக் கழித்து 3,000 என்றார். எவ்வளவு மறுத்தும் கேட்கவில்லை. என் மூட்டை தையலுக்கு எதுவும் கழிக்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஆகஸ்ட் 30 – கீ, சிச்சம், லோசர்

கீ மடத்தின் சமையலறையில் கேட்காமலே மூலிகை டீ. பெரிய செம்பு அண்டாக்கள், புகையேறிய கூரை. இரண்டாவது மகனைத் தேடினோம். அவன் காஸாவுக்குப் பல் பிடுங்கப் போயிருந்தான்.

கிப்பருக்கும் சிச்சத்துக்கும் நடுவே ஒரு பிளவு. 2017-இல் பாலம் திறக்கும்வரை, இரும்புக் கம்பியில் தொங்கும் பெட்டியில் உட்கார்ந்து, கயிற்றை இழுத்து இழுத்துத்தான் கடந்தார்களாம், ஆடு, மூட்டை, பிரசவத்துக்குப் போகிற பெண் எல்லோரும். டிரைவர் பாலத்தின் நடுவில் நிறுத்தி இறங்கிப் பார்க்கச் சொன்னார். அக்கா வண்டியை விட்டு இறங்கவில்லை.

லோசரில் ராத்திரி வாளித் தண்ணீரில் ஏடு படிந்திருந்தது, ஐஸ். ஆகஸ்டில்.

ஆகஸ்ட் 31 – குன்சும் கணவாய் வழியாக மணாலி

4,551 மீட்டர் உச்சியில் குன்சும் தேவிக்கு ஒரு கோயில், கொடிகள் படபடக்கும் காற்று. எல்லா வண்டியும் கோயிலைச் சுற்றிவிட்டுத்தான் போக வேண்டும். ராணுவ லாரியும் சுற்றுகிறது. கல்லில் காசை அழுத்தினால் ஒட்டிக்கொள்ள வேண்டும், ஒட்டினால் நினைத்தது நடக்கும். எனக்கு ஒட்டவில்லை. அக்காவுக்கு இரண்டாம் முறை ஒட்டியது. என்ன நினைத்தாள் என்று சொல்ல மறுக்கிறாள்.

அங்கிருந்து கிராம்பூ வரை சாலை என்று எதுவும் இல்லை, ஆற்றுக்கற்கள்தான். பாத்தலில் ராஜ்மா சோறு, 150. எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக வலித்தது. பிறகு 2020-இல் திறந்த அடல் சுரங்கம், 9 கிலோமீட்டர். வறண்ட பக்கம் நுழைந்து பத்து நிமிஷத்தில் மழைக்குள் வெளியே வந்தோம். எங்கும் பச்சை, கண் கூசும் பச்சை. டிரைவர் வைப்பரைப் போட்டுவிட்டு, மணாலிக்குக் கீழே சாலை மறுபடி அடித்துக்கொண்டு போயிருக்கிறது என்று போனில் விசாரித்துச் சொன்னார்.

மணாலி காய்கறிக் கடையில் ஸ்பிதி பட்டாணி கிலோ 160 ரூபாய். அக்கா ஒரு காயை உரித்துப் பார்த்து, "நேத்துப் பறிச்சதில்ல, நாலு நாளாச்சு" என்று கடைக்காரரிடம் தமிழிலேயே சொன்னாள். அவர் பத்து ரூபாய் குறைத்தார்.

போனில் கோடு வந்ததும் 3,000 ரூபாயை அனுப்பினேன். மகன் உடனே பதில் போட்டார்: "கிடைத்தது. மேலே இன்னும் நெட்வொர்க் இல்லை. மூட்டை ஏற்ற நாளை லாரி போகும், அதில் சொல்லிவிடுகிறேன்." நாளைக்கு சண்டிகர் பஸ் ஓடுமா என்று கேட்டு பஸ் நிலையத்துக்கு இரண்டு தடவை போய் வந்தாயிற்று. காலை ஆறு மணிக்கு மறுபடி வரச் சொன்னார்கள்.